வேடம் யாருக்கு? – பள்ளிச் சிறார்க்கான கல்வி நாடகம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், ‘பள்ளிச் சிறார்க்கான கல்வி நாடகம்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கல்வி உதவித்தொகை, விடுதி, உயர்கல்வி, வேலைவாய்ப்பு என்று இன்றியமையாத பொருள்கள் பல இருக்க, நாடகத்துக்கு இத்தனை நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. என் எண்ணம் எவ்வாறு மாறியது என்பதைச் சொல்லிவிட்டுப் பொருளுக்கு வருகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ஓர் அரசவை நாடகம் நடத்தினார்கள். அரசன், அமைச்சன், தளபதி, புலவன் என்று பல வேடங்கள் இருந்தன. எங்கள் தெருவிலிருந்து அப்பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் நால்வர். நால்வருக்கும் வாயிற்காவலர் வேடமே கொடுத்தார்கள். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பேசுவதற்கு ஒரு சொல்லும் இல்லை. ஒரு மாதம் நடந்த ஒத்திகையில் நின்று நின்று கேட்டதால், அரசனுடைய வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

விழா நாளன்று அரசனாக நடித்த மாணவன் நடுவில் வசனத்தை மறந்து திகைத்தான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பின்னால் நின்ற நான் அடுத்த அடியை மெல்ல எடுத்துக் கொடுத்தேன். அவன் தொடர்ந்து பேசினான், நாடகம் தப்பியது. மேடையை விட்டு இறங்கியதும் யாரேனும் என் முதுகில் தட்டிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். “காவலாளி ஏன் வாயைத் திறந்தான்?” என்னும் கேள்விதான் கிடைத்தது. அரசனுக்குப் பரிசு கிடைத்தது. அந்தப் பள்ளியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது எந்தப் பள்ளியாகவும் இருந்திருக்கலாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து விடுதியில் தங்கிப் படித்தபோது, அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் எங்களை வைத்து ஒரு நாடகம் போட்டார். எனக்கு நீதிபதி வேடம். தீர்ப்பைப் படிக்க வேண்டிய இடத்தில் முதல் நாள் ஒத்திகையில் எனக்குக் குரலே எழவில்லை. வசனம் தெரியாமல் இல்லை. நூறு பேர் கேட்கும்படி ஒரு முடிவைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பத்து நாள் ஒத்திகைக்குப் பிறகே என் குரல் எனக்கே கேட்டது. பிற்காலத்தில் அலுவலகங்களிலும் கூட்டங்களிலும் எழுந்து நின்று பேச வேண்டிய போதெல்லாம் அந்தப் பத்து நாள்களே எனக்குத் துணை நின்றன.

ஆகவே நான் கற்ற முதற் பாடம் இதுதான். நாடகத்தில் கதை ஒரு பாடம்; யாருக்கு எந்த வேடம் கொடுக்கிறோம் என்பது மற்றொரு பாடம். இரண்டாவது பாடத்தை எவரும் கரும்பலகையில் எழுதுவதில்லை. ஆனால் குழந்தைகள் அதையே முதலில் கற்றுக்கொள்கிறார்கள்.

நாடகம் குழந்தையின் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு யாவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. காந்தியடிகள் தம் சிறு வயதில் இராஜ்கோட்டில், தந்தையின் இசைவு பெற்று, அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்தார். அந்நாடகத்தைத் தமக்குள்ளேயே எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எல்லாரும் அரிச்சந்திரனைப்போல் உண்மை பேசினால் என்ன என்று அச்சிறுவன் தன்னையே கேட்டுக்கொண்டான். நாடகத்தின் ஆற்றலைச் சொல்லும்போது இந்நிகழ்ச்சியை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள், நானும் காட்டுகிறேன். ஆயினும் நாம் ஒரு படி மேலே சென்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரிச்சந்திரன் கதையில் அரசன் நாட்டை இழக்கிறான். மனைவி மக்களை விற்கிறான். கடைசியில் சுடலை காப்பவனுக்கு அடிமையாகிறான். எந்தத் தொழில் நம் முன்னோர்மீது தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டதோ, அத்தொழிலே அக்கதையில் ஓர் அரசன் அடையக்கூடிய தாழ்வின் கடைசி எல்லையாக வைக்கப்பட்டுள்ளது. அந்நாடகத்தைப் பார்க்கும் ஒரு குழந்தை வாய்மையின் பெருமையைக் கற்கும். பக்கத்தில் அமர்ந்து அதே நாடகத்தைப் பார்க்கும் இன்னொரு குழந்தை, தன் பாட்டனார் செய்த வேலை இழிவின் அடையாளம் என்பதையும் சேர்த்துக் கற்கும். ஒரே மேடை, ஒரே வசனம், பாடங்கள் இரண்டு. நல்ல கருத்துடைய நாடகம் எல்லாக் குழந்தைகளுக்கும் நல்ல நாடகமாகவே இருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. அக்காலத்தில் கூத்து நடந்தபோது நம்மவர் எந்த இடத்தில் அமர்ந்து பார்த்தார்கள் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த விடையும் நாடக வரலாற்றைச் சேர்ந்ததே.

இதை உணர்ந்து, நாடகத்தை நம் போன்றோர் கல்விக்காகவே எழுதிய பெருமகன் ஒருவர் உண்டு. அவர் மகாத்மா சோதிராவ் பூலே. 1848இல் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தவர்; பின்னர் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளிகள் நடத்தியவர். 1855இல் அவர் ‘திரிதிய ரத்னா’ என்னும் மராத்தி நாடகத்தை எழுதினார். கருவுற்ற ஓர் உழவர் குடிப் பெண்ணை, கோள்களின் தீமை என்று சொல்லி ஒரு சோதிடர் அச்சுறுத்துகிறார். அறியாத அக்குடும்பம் கடன்பட்டுச் சடங்கு செய்கிறது. ஏமாற்றப்பட்டதை உணர்ந்த கணவனும் மனைவியும் இறுதியில் கல்வி கற்கப் புறப்படுகிறார்கள். இடையிடையே விதூடகன் தோன்றி, நடப்பதைப் பார்வையாளர்க்கு எடுத்துரைக்கிறான். பள்ளிக்கு வாருங்கள் என்று நூறு முறை கூவி அழைப்பதைவிட, ஏன் வர வேண்டும் என்பதை ஒருமுறை கண்முன் நடத்திக் காட்டுவது மேல் என்று அவர் கருதினார்.

அந்நாடகத்துக்கு என்ன நேர்ந்தது? அக்காலத்துத் தட்சிணைப் பரிசுக் குழுவுக்கு அவர் அதை அனுப்பினார், குழு ஏற்கவில்லை. நூற்றாண்டுக்கு மேல் அச்சேறாமல் கிடந்து, 1979இல்தான் அது வெளிவந்தது. எந்த மக்களுக்காக எழுதப்பட்டதோ அந்த மக்கள் நான்கு தலைமுறைகள் அதைப் பார்க்கவில்லை. மருந்தை எழுதி வைத்தால் போதாது. நோயாளியின் வாயிலுக்கு அது போய்ச் சேர வேண்டும். போய்ச் சேராத நாடகம் ஏட்டில் உறங்கும் எழுத்தே.

பிற்காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகம் ஔரங்காபாத்தில் தொடங்கிய மிலிந்த் கல்லூரியின் மாணவர்கள், அங்குப் பணியாற்றிய பேராசிரியர் சிட்னிஸ் எழுதிய ‘யுகயாத்திரை’ என்னும் நாடகத்தை 1955இல் நடித்தார்கள். கல்விக் கழகம் ஒன்று நாடகத்தைக் கையில் எடுப்பது புதுமையன்று, நம் முன்னோடிகள் காட்டிய வழியே என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

இனி, பள்ளி வகுப்பறைக்கே நாடகத்தைக் கொண்டு சென்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கோவென்ட்ரி என்னும் தொழில் நகரம் உள்ளது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு செருமானிய விமானங்களின் குண்டுவீச்சில் அந்நகரின் நடுப்பகுதி அழிந்தது. போருக்குப் பின் நகரை மீண்டும் எழுப்பியபோது, நகரமன்றம் ஒரு பொது அரங்கையும் கட்டியது. யுகோசுலாவிய நாட்டின் தலைநகர் பெல்கிரேட் அதற்கு மரம் கொடுத்து உதவியதால், பெல்கிரேட் அரங்கு என்றே பெயரிட்டார்கள். 1958இல் திறந்த அவ்வரங்கிலிருந்து 1965இல் ஒரு சிறு குழு பள்ளிகளுக்குப் புறப்பட்டது. ‘கல்வியில் நாடகம்’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் முறை அங்கிருந்துதான் பரவியது.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். குழுவில் இருந்தவர்கள் நடிகர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஒருங்கே பணியாற்றினார்கள். பள்ளி முழுவதையும் திடலில் கூட்டி வைத்து ஒரு காட்சியைக் காட்டிவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் ஒரு வகுப்பு, இரு வகுப்பு என்ற அளவிலேயே நடத்தினார்கள். பள்ளிகளிடம் கட்டணம் வாங்கவில்லை. நகரமன்றமே செலவை ஏற்றது. ஆசிரியர்களோடு முன்னரே கலந்து பேசினார்கள். நாடகத்துக்குப் பின் வகுப்பில் தொடர்ந்து செய்ய வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகளை வெறும் பார்வையாளர்களாக உட்கார வைக்காமல், கதைக்குள் அழைத்து முடிவெடுக்கச் செய்தார்கள்.

1970களில் அக்குழு மிக இளைய குழந்தைகளுக்காக நடத்திய நிகழ்ச்சி ஒன்று ‘பவ் வாவ்’ என்பது. அமெரிக்க மேற்குப் பகுதியைச் சேர்ந்த மாட்டுவீரன் ஒருவன் ஒரு கூண்டோடு வருகிறான். கூண்டுக்குள் அந்நாட்டுப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். அவர் கொடியவர் என்று மாட்டுவீரன் குழந்தைகளுக்குச் சொல்கிறான். அவன் இல்லாத வேளையில் குழந்தைகள் கூண்டிலிருப்பவரோடு பழகுகிறார்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையை, அவருடைய மக்களின் வழக்கங்களை அவர் வாயாலேயே அறிகிறார்கள். இப்போது அவர்கள் முன் இரண்டு சொற்கள் நிற்கின்றன: முதலில் கேட்ட சொல் ஒன்று, தாமே கண்டறிந்த செய்தி ஒன்று. எதை நம்புவது என்பதைக் குழந்தைகளே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கு இது எத்தகைய பாடம் என்று எண்ணிப் பாருங்கள். “அந்தத் தெருப் பக்கம் போகாதே, அவர்களோடு சேராதே” என்ற சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளைகள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் நின்று வளர்ந்த பிள்ளைகள் நாம். ‘யாரையும் தாழ்வாக எண்ணாதே’ என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறவன், மாலையில் வீட்டுக்குப் போனதும் பழைய சொல்லுக்கே திரும்பிவிடுகிறான். தானே பேசிப் பழகி, தானே ஐயுற்று, தானே முடிவெடுத்த குழந்தையிடம் அப்பாடம் தங்குவதற்கு வழியுண்டு.

இவ்வளவு சிறந்த பணி நிலைத்ததா? அதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1980களுக்குப் பின் இங்கிலாந்தில் பொதுப்பணம் சுருங்கியது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் உள்ளாட்சிகளின் கையிலிருந்த கல்விப் பணம் பள்ளிகளுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. பள்ளிகளுக்கு இலவசமாகச் சென்றுவந்த பல குழுக்கள் கலைந்தன. கோவென்ட்ரிக் குழுவும் 1996இல் மூடப்பட்டது. ஒரே பணப்பையை நம்பிய பணி, அந்தப் பை சுருங்கினால் நின்றுவிடும். நம் கழகம் இதை மறக்கக் கூடாது.

பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்தோ போவால் மற்றொரு வழியைக் காட்டினார். 1973இல் பெரு நாட்டு எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் பணியாற்றினார். எளிய மக்களின் இக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அது தோல்வியில் முடிவதுபோல் ஒரு சிறு நாடகம் நடத்திக் காட்டுவது அவர் வகுத்த முறை. பின்பு அதே நாடகத்தை மறுபடியும் தொடங்குவார்கள். இம்முறை பார்ப்பவர் யாராயினும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடைக்கு வந்து, துன்பப்படுகிறவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துக் காட்டலாம். மேற்கு வங்கத்தில் 1985இல் தோன்றிய ஜன சம்ஸ்கிருதி என்னும் அமைப்பு, சிற்றூர்களில் உழைக்கும் மக்களைக் கொண்டே இம்முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது.

நம் மொழி வழங்கும் நிலங்களிலும் இவ்விளக்கு எரியாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரி தோன்றியது. அதன் முதல்வராய் விளங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ ஈழத்துச் சிறுவர் அரங்கில் சிறந்த இடம் பெற்றது. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் சாத்திர சாகித்திய பரிசத்து 1980இல் தொடங்கிய கலைப்பயணம், அறிவியலைத் தெருமுனைக்குக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 1990களின் அறிவொளி இயக்கம் அவ்வழியைப் பின்பற்றியது. புதுவையில் வேலு சரவணன் ‘ஆழி’ என்னும் குழுவை வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று சிறுவர் நாடகம் நடத்தி வந்தார். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும், ஊர்தோறும் முதலில் சென்றவை கலைக்குழுக்களே. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழாவில் நாடகமும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. போட்டி நல்லதே. ஆனால் போட்டிக்கு ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பேசத் தெரியாத பிள்ளைக்கு நாடகம் வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போது நம் கழகத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மாலைநேர வகுப்புகளில் கற்பிக்கும் நம் இளைஞர் அறுவர் சேர்ந்து ஒரு சிறு நாடகம் ஆயத்தம் செய்தார்கள். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு சிறுமியின் தகப்பனார் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிவிடுகிறார். குடும்பம் முழுவதும் பானை, சட்டியோடு லாரியில் ஏறுகிறது. புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சிறுமியும் ஏறுகிறாள். அத்தோடு நாடகம் நிற்கும். ‘இவள் படிப்பு நிற்காமல் இருக்க யார், எந்த இடத்தில், என்ன செய்திருக்கலாம்?’ என்று குழந்தைகளைக் கேட்போம்.

ஒரு சிறுவன் எழுந்து வந்து ஆசிரியராக நடித்தான். “பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் ஐயா” என்று தகப்பனிடம் நயமாகச் சொன்னான். தகப்பனாக நடித்த நம் இளைஞர், “வாங்கிய முன்பணத்தை நீங்கள் கட்டுவீர்களா?” என்று கேட்டார். சிறுவன் விழித்தான். இன்னொருவன், பாட்டி வீட்டில் விடலாம் என்றான். அப்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து வந்தாள். அவள் அதுவரை வகுப்பில் வாய் திறந்து பேசியவள் அல்லள் என்று ஆசிரியை பிறகு சொன்னார். சிறுமி வேடத்தை ஏற்பாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் தாயின் வேடத்தைக் கேட்டாள். தாயாக நின்று, “இவளை விட்டுவிட்டுப் போனால் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? நான் கல் அறுக்கும்போது குழந்தை வெயிலில் கிடக்குமே” என்று கேட்டாள்.

எங்களுள் எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. உண்மையைச் சொன்னால், நாங்கள் தகப்பனைக் குடிகாரனாகக் காட்டி, குற்றம் முழுவதையும் அவன் தலையில் ஏற்றி எளிதாக நாடகத்தை எழுதியிருந்தோம். அக்குழந்தை எங்கள் நாடகத்தைத் திருத்தினாள். அதன்பின் கழகத்துப் பெரியவர்கள் அத்தெருவில் விசாரித்தபோது, சூளைப் பருவத்தில் பள்ளியை விட்டுச் செல்லும் சிறுமியர் மூவர் என்று தெரிந்தது. மூவரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவே அழைத்துச் செல்லப்பட்டவர்கள். பெற்றோரிடம் பேசியதில், இருவருடைய தாய்மார் அவ்வாண்டு சூளைக்குப் போகாமல் ஊரிலேயே வேலை தேடிக்கொள்ள இசைந்தார்கள்; அச்சிறுமியர் படிப்பைத் தொடர்ந்தார்கள். மூன்றாமவளை நிறுத்த எங்களால் இயலவில்லை. அவள் திரும்பி வந்தபோது ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைப்பது இவ்விழாவுக்கு அழகன்று; ஆதலால் இரண்டையும் சொன்னேன்.

நண்பர்களே, இந்த அனுபவத்திலிருந்தும், மேலே நான் எடுத்துக்காட்டியவர்களின் பணியிலிருந்தும் சில நெறிகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

முதலாவது, நாடகம் குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும். ஐந்நூறு பேரைத் திடலில் அமர்த்தி ஒலிபெருக்கி வைத்து நடத்துவது விழாவுக்கு ஏற்கும், கல்விக்கு ஏற்காது. ஒரு வகுப்பறை, நாற்பது குழந்தைகள், ஐந்தாறு நடிகர்கள், முக்கால் மணி நேரம் போதும். பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்தினால் அதுவே அரங்கம். ஒரு துண்டு, ஒரு கோல், ஒரு பானை இவற்றைக்கொண்டு நம் கூத்துக் கலைஞர்கள் மலையையும் கடலையும் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, நாடகம் முடிச்சு விழும் இடத்தில் நின்று குழந்தையைக் கேட்க வேண்டும். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். குழந்தை விடை சொல்லுமுன் நாமே நீதியைச் சொல்லிவிட்டால், அது நாடக உடையணிந்த சொற்பொழிவாகிவிடும்.

மூன்றாவது, வேடப் பங்கீடு. இதை நான் விதியாகவே வைக்கச் சொல்வேன். எந்தக் குழந்தைக்கும் அதன் தெருவையோ வீட்டுத் தொழிலையோ நிறத்தையோ பார்த்து வேடம் கொடுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒத்திகைதோறும் வேடங்களை மாற்றுங்கள். இன்று அரசன் நாளை காவலன். இன்று காவலன் நாளை நீதிபதி. பெண் குழந்தை தளபதியாகட்டும். ஆண் குழந்தை தாயாகிக் கைக்குழந்தையை ஏந்தட்டும். பறை அடிக்கும் வேளையிலும் இதுவே முறை. பறையை நம் கலை என்று போற்றுவோரும், நம்மீது சுமத்தப்பட்ட ஊழியம் என்று விலக்குவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். இரு சாராரும் ஒன்றில் உடன்படலாம்: விரும்பிய குழந்தை எந்தத் தெருவினதாயினும் அதைக் கற்கட்டும், விரும்பாத குழந்தையின் கையில் எவரும் அதைத் திணிக்க வேண்டா.

நான்காவது, குழந்தையின் சொந்தத் துன்பத்தைப் பலர் முன் சொல்ல வைக்காதீர்கள். ‘உன் அப்பா குடிப்பாரா?’ என்று கேட்பது கொடுமை. கதையில் வரும் சிறுமியைப் பற்றிக் கேளுங்கள். கதை ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின் நின்றுகொண்டுதான் அச்சிறுமி தன் தாயின் கேள்வியைக் கேட்டாள். அதுபோலவே, கறுப்பு நிறத்தையும் திக்குவாயையும் தெருப் பேச்சையும் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள். நம் வாழ்வு துன்பம் ஒன்றே என்று காட்டுவதும் தவறு. ஆட்டமும் பாட்டும் சிரிப்பும் நம் தெருக்களில் நிறைய உண்டு. அவையும் மேடைக்கு வரட்டும்.

ஐந்தாவது, ஆசிரியரைத் துணையாகக் கொள்ள வேண்டும். ஒரு வாரம் முன்னே சென்று அவரோடு பேசுங்கள். நாடகம் நடக்கும்போது அவரும் அங்கிருக்கட்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் செல்லுங்கள். நாம் ஒரு நாள் விருந்தினர். அவர் ஆண்டு முழுவதும் அக்குழந்தைகளோடு இருப்பவர்.

ஆறாவது, பொருள். கோவென்ட்ரியின் கதையை நினைவில் கொள்ளுங்கள். அரசு உதவி கிடைத்தால் பெறுவோம். கிடைக்காவிட்டால் நின்றுவிடாதபடி நடத்துவோம். உறுப்பினர் சந்தாவில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். பேருந்துச் செலவும் பகலுணவும்தான் பெருஞ்செலவு. குழந்தைகளிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது.

இவற்றையெல்லாம் செய்தால் குழந்தைகள் எல்லாரும் முதல் மதிப்பெண் பெற்றுவிடுவார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். நாடகம் கணக்குப் பாடத்துக்கு மாற்றாகாது. விடுதிக்கும் உதவித்தொகைக்கும் மாற்றாகாது. அவற்றைக் கேட்டுப் பெறும் குரலை அது பழக்கும். படித்து, வேலைக்கும் சென்று, எல்லாம் பெற்ற பிறகும், ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று ‘இது முறையன்று’ என்று சொல்ல நாவெழாமல் அமர்ந்துவிடும் நம்மவர் எத்தனை பேர்! அந்த நா பத்து வயதிலேயே கட்டப்பட்டுவிடுகிறது. அதைப் பத்து வயதிலேயே அவிழ்க்க வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டின் நினைவாக, நம் கழகத்தில் ஒரு கல்வி நாடகக் குழு அமையட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் இன்றே செயலாளரிடம் கொடுங்கள். நடிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகள் பேசும்போது பொறுமையோடு கேட்கத் தெரிந்தால் போதும். வரும் கல்வியாண்டில் நம் சுற்றுவட்டத்துப் பள்ளிகளுள் பத்துப் பள்ளிகளுக்கு முதலில் செல்வோம். நம் தெருப் பிள்ளைகளுக்காக மட்டும் செல்ல வேண்டா. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பார்க்கட்டும். அரசனாக நடித்துப் பழகிய பிள்ளை ஒருநாள் காவலனாக நின்று பார்ப்பதும் கல்விதான்.

மறந்துபோன அரசனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்த அந்தச் சிறுவன் இன்று உங்கள் முன் நின்று இவ்வளவு நேரம் பேசிவிட்டான். அவனைப்போல் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எத்தனையோ குழந்தைகள் பள்ளி மேடைகளின் ஓரத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வசனம் தெரியும். வேடம் கொடுப்பது நம் கடமை.